பாதிக் கைக்குத் தெரியும் இறால்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், ஹாஸ்டல் மெஸ், மின்வெட்டு, வைவாவில் வழிந்த அனுபவம் என்று ஏதாவது எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் பேட்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் ஒரு கையைப் பற்றி எழுதுகிறேன். என் கை இல்லை. ஒரு ஆயாவின் கை.

2008 டிசம்பரில், மூன்றாம் ஆண்டு படிக்கும்போது என்.எஸ்.எஸ். முகாமுக்காகப் பழவேற்காடு ஏரிக்கரையில் பத்து நாள் தங்கினோம். பழவேற்காடு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையும், எலும்புக்கூடு செதுக்கிய வாசல் உள்ள அவர்கள் கல்லறையும்தான். நாங்களும் முதல் நாள் அதைத்தான் போய்ப் பார்த்தோம். மறுநாளிலிருந்து வீடு வீடாகக் குடிநீர், கழிப்பிடம் பற்றிய சர்வே. சென்னையிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் இப்படி ஒரு ஊர் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இது. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. நம் பக்கம் இருப்பது தெற்கு ஓரம். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல்நீர் உள்ளே வரும், கூடவே இறால் குஞ்சும் வரும். அது மணல் அடைத்து மூடிக்கொண்டால் ஊரே வாடிவிடும்.

இங்கே மீன்பிடிப்பில் ஒரு ஒழுங்கு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைத் தங்களுக்குள்ளேயே முறைவைத்து முடிவு செய்கிறார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடத்தில் நாம் முக்கி முனகிப் படித்த அலொகேஷன் பிராப்ளத்தை, அந்தப் பேரெல்லாம் தெரியாமலே காலங்காலமாகத் தீர்த்து வருகிறார்கள்.

பாடும் படகும் வலையும் இல்லாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஏரியில் என்ன வழி? கைதான். இருளர் பெண்கள் முழங்கால் ஆழம், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குனிந்து, கலங்கிய சேற்றை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே போவார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல் நுனியில் ஏதோ துள்ளும். அந்தக் கணத்தில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். பிடித்த இறால் நேரே கூடைக்குள் போகும். சேற்றில் கிடக்கும் சிப்பி கீறும், நண்டு கடிக்கும், கெளுத்தி முள் குத்தும். குத்தியது தெரிகிற வரைக்கும் பரவாயில்லை. தெரியாமல் போனால்?

அந்த முகாமில் நான் சந்தித்த ஆயாவுக்கு வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் உள்பக்கம் மடங்கி நகம் போல நின்றன. அவற்றை ஒரு துணியால் சுற்றிக் கட்டியிருந்தார். சர்வே பாரத்தில் அதற்குக் கட்டம் எதுவும் இல்லை. நானாகத்தான் கேட்டேன்.

"அது பழைய நோவு நைனா. ஆஸ்பத்திரில அட்டை அட்டையா மாத்திரை குடுத்தாங்க. மேலெல்லாம் கறுத்துப்போயி, அப்பறம் தெளிஞ்சுது. நோவு போயிட்ச்சு. ஆனா பாதிக் கைக்குத்தான் எறா தெரியுது. இது ரெண்டும் செத்த வெரலு."

எறா என்றால் இறால். நோவு என்றது தொழுநோயை. பெரியவர்கள் 'பெருவியாதி' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அது.

பக்கத்தில் நின்ற மெக்கானிக்கல் நண்பன் (பெயர் சொன்னால் ரீயூனியன் டின்னரில் உதைப்பான்) உடனே ஒரு டிசைன் போட்டான். துணி ஈரத்தில் ஊறிப் புண்ணாகும்; அதற்குப் பதில் சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு விரலுக்கும் உறை செய்யலாம் என்றான். செய்தோம். சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "வழுக்குது நைனா. பக்கத்து வெரலுக்கும் எறா தெரியாம பண்ணிட்து." அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி. முகாம் அறிக்கையில் குடிநீர்த் தொட்டி பற்றி நான்கு பக்கம் எழுதினோம். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பல வருஷம் கழித்து, வேறு எதற்கோ தேடப்போய், அந்தக் கையின் சரித்திரம் என் கையில் சிக்கியது. அது நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. பழவேற்காடு இருக்கும் பொன்னேரி வட்டாரம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகுதான் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. இந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டம் நாட்டிலேயே தொழுநோய் மிக அதிகமாக இருந்த மாவட்டங்களில் ஒன்று. ஆகவே ஆராய்ச்சியும் இங்கேதான் வந்து இறங்கியது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரில் ஒரு தொழுநோய் விடுதி இருந்தது. 1930-களில் அங்கே வந்தவர் ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர். அந்தக் காலத்தில் இருந்த ஒரே மருந்து சால்மூக்ரா வகை எண்ணெய். நம் சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்று வைத்திருந்தார்களே, அதே குடும்பத்து விதையிலிருந்து எடுத்தது. ஊசி போடும்போது உயிர் போகும், பலன் சந்தேகம். 1940-களின் நடுவில் டாப்ஸோன் என்ற சல்ஃபோன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து முதன்முதலாகச் சோதித்த இடங்களில் இந்தச் செங்கல்பட்டும் ஒன்று. மலிவான மருந்து. கிருமி அடங்கியது. 1955-ல் மத்திய அரசு அந்த விடுதியை எடுத்துத் தேசிய அளவிலான பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதே ஆண்டு தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் தொடங்கியது.

மருந்து வந்தது, கிருமி ஒழிந்தது, சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் ஆயாவின் விரல்?

இங்கே இன்னொரு டாக்டர் வருகிறார். பால் பிராண்ட், 1914-ல் நம் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே டாக்டருக்குப் படிப்பதற்கு முன் நாலைந்து வருஷம் கட்டட வேலை கற்றுக்கொண்டார்: தச்சு, கொத்து எல்லாம். (சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.) சர்ஜனாகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறு வருஷம் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு விடுதியைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனார். தோலைப் பற்றிக் காக்ரேன் விளக்கிக்கொண்டே போக, எலும்பு சர்ஜனான பிராண்டின் கண் முழுக்க மடங்கிப்போன கைகள் மேலேயே இருந்தது. இத்தனை கைகளுக்கும் யார் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்பது பதில். உலகத்தில் போலியோவுக்குக் கை கால் வைத்தியம் செய்த சர்ஜன் உண்டு, விபத்துக்குச் செய்தவர் உண்டு, இதற்கு இல்லை. அந்தச் சதையே கெட்டது, வெட்டினால் ஆறாது என்று நம்பிவிட்டார்கள்.

மடங்கிய கை உள்ள ஒரு நோயாளியிடம், என் கையை உன்னால் முடிந்த மட்டும் அழுத்து என்றார் பிராண்ட். அந்த மனிதர் அழுத்தியதில் இவருக்கு வலி தாங்கவில்லை. அந்த வலியில்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது: கை செத்துவிடவில்லை! முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் நன்றாக வேலை செய்கின்றன. உள்ளங்கையில் இருக்கும் சின்னத் தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன. இழுக்கும் கயிறு ஒன்று அறுந்து, எதிர்க்கயிறு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் பாய்மரம் சாயுமா சாயாதா? விரலும் அப்படித்தான் மடங்கியது.

ஏன் சில தசைகள் மட்டும்? இதற்கு விடை தேடி அவரும் உடன் வேலை செய்தவர்களும் செங்கல்பட்டில் இறந்துபோன ஒரு நோயாளியின் உடலில் இரவு முழுக்க நரம்புகளைத் திறந்து பார்த்தார்கள். எல்லா நரம்பும் வீங்கியிருக்கவில்லை. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று தோலுக்கு அருகே, உடம்பின் குளிர்ச்சியான இடத்தில் ஓடும் பகுதிகளில் மட்டும் வீக்கம். தொழுநோய்க் கிருமிக்குச் சூடு ஆகாது. முழங்கையில் இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று சுண்டு விரல் வரை மின்சாரம் ஓடுமே, அந்த அல்நர் நரம்புதான் அதற்கு முதல் இரை. அந்த நரம்பு போனால் சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் உணர்ச்சியற்றுப் போகும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடு விரலும் வேறு நரம்பின் ஆட்சி, அவை பிழைத்திருக்கலாம். "பாதிக் கைக்குத்தான் எறா தெரியுது" என்று ஆயா சொன்னது எழுத்துக்கு எழுத்து அனாடமி. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

1948-லிருந்து வேலூரில் ஆபரேஷன்கள் நடந்தன. நல்ல நிலையில் உள்ள தசையின் தசைநாணை இடம் மாற்றி, செயலிழந்த தசை செய்யவேண்டிய வேலையை அதற்குக் கொடுப்பதுதான் முறை. பிறகு பிராண்ட் செய்த ஒரு முறை நமக்குப் பிடிக்கும். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றை விடுவிக்கிறார். காலிலிருந்து ஒரு உபரித் தசைநாணை எடுத்து அதோடு ஒட்டுப்போட்டு நீளமாக்குகிறார். அதன் நுனியை நாலாகப் பிரித்து விரலுக்கு ஒன்றாகக் கொண்டுபோய்க் கட்டுகிறார். ஒரு விஞ்ச், நாலு கயிறு. கயிறு தொய்வாக இருந்தால் விரல் நிமிராது. அதிகம் இறுக்கினால் மடங்காது. எவ்வளவு இழுவிசையில் தைப்பது என்பதில்தான் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. எந்தப் படகோட்டிக்கும் இதைப் பத்து நிமிஷத்தில் புரியவைத்துவிடலாம்.

விரல்கள் நிமிர்ந்தன. புண்களும் ஆறின, மற்றவர் சதையைப் போலவே ஆறின. எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? ஆபரேஷன் முடிந்து வெளியே போன சிலர் திரும்பி வந்து வருத்தப்பட்டார்கள். முன்பு மடங்கிய கையை நீட்டினால் பிச்சை விழுந்தது. இப்போது கை நன்றாக இருப்பதால் யாரும் போடுவதில்லை. வேலை கேட்டால் தழும்பைப் பார்த்து விரட்டுகிறார்கள். கையைச் சரி செய்து பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்களே என்றார்கள்.

மறுவாழ்வு என்ற சொல்லை நாம் மேடையில் ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது எங்கே தொடங்குகிறது என்றால் இந்த ஏமாற்றத்தில்தான். 1950-களின் தொடக்கத்தில் சி.எம்.சி. வளாகத்தை ஒட்டி மண் சுவர் வைத்துச் சில வீடுகள் கட்டி நவஜீவ நிலையம் என்று பெயர் வைத்தார்கள். ஆபரேஷன் ஆனவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள், மரப் பொம்மை செய்தார்கள். பிராண்ட் பழைய உளி, ரம்பத்தையெல்லாம் மறுபடி கையில் எடுத்தார்.

ஆக்குபேஷனல் தெரபி என்ற துறைக்கு அப்போது நம் நாட்டில் குழந்தைப் பருவம். மருந்து ஒருபுறம் இருக்க, ஒருவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்யும் நிலைக்கு அவரைத் திரும்பக் கொண்டுவரும் வைத்தியம் அது. சட்டைப் பித்தான் போடுவதிலிருந்து சம்பாதிப்பது வரை எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவில் 1917-ல் இதற்கொரு சங்கம் அமைத்தார்கள். முதல் உலக யுத்தத்தில் கை கால் இழந்து வந்த சிப்பாய்கள் அதை வளர்த்தார்கள். இந்தியாவில் கமலா நிம்ப்கர் என்ற பெண்மணி (பிறப்பால் அமெரிக்கர், இந்தியரை மணந்து இந்தியரானவர்) பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் 1950-ல் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி நோயைப் பற்றியது அல்ல. நீ என்ன வேலை செய்தாய்? அந்த வேலையில் உன் கை என்ன செய்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல்தான் நாங்கள் சைக்கிள் டியூபை வெட்டினோம்.

வேலூரில் இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிராண்டின் யோசனைப்படி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். கைக்கு ஆபரேஷன் உட்கார்ந்து செய்வதுதானே! பிறகு நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைவரானார். பாகாயத்தில் 1966-ல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பு. 1972-ல் பத்மஸ்ரீ.

திரும்பவும் நவஜீவ நிலையத்துக்கு வருவோம். நிமிர்ந்த விரல்களில் புதுப் புதுப் புண்கள் வந்தன. சாவியைத் திருப்ப முடியாமல் பிராண்ட் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு நோயாளிப் பையன் வந்து சட்டென்று திருப்பிவிட்டான். இந்தப் பொடியனுக்கு இத்தனை பலமா என்று கையைப் பிடித்துப் பார்த்தால் விரலில் சதை கிழிந்து ரத்தம். அவனுக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேட ஆரம்பித்தார்கள். தினம் கைகளைப் பரிசோதித்து, நேற்று இல்லாத புண் இன்று எப்படி வந்தது என்று துப்பறிந்தார்கள். சுத்தியல் பிடியில் சிம்பு. ராத்திரி அரிக்கேன் விளக்கை அணைக்கும்போது சூடான கண்ணாடியில் பட்ட கை. காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டையே காணோம் என்ற மர்மத்துக்கு, விழித்திருந்து பார்த்ததில் விடை கிடைத்தது: எலி! தூங்குகிறவருக்கு வலிக்காததால் எலி சாவகாசமாகத் தின்றது. அதன் பிறகு வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள்.

தொழுநோய் விரலைத் தின்கிறது என்று ஆயிரம் வருஷமாக உலகம் நம்பியது. தின்றது நோய் அல்ல. வலி இல்லாததுதான் விரலைத் தின்றது. காரணம் தெரிந்ததும் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. என் கணக்கில் இந்தச் சரித்திரத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஆபரேஷன் அல்ல, இந்தத் துப்பறிதல்தான். நாம் ஃபெயிலியர் அனாலிசிஸ் என்று ஒரு செமஸ்டர் படிக்கிறோமே, அதை எலியும் அரிக்கேனும் வைத்து நடத்தியிருக்கிறார்கள்.

1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் அமைந்த ஷெஃப்லின் ஆராய்ச்சி நிலையத்தில் கால்கள் மீது கவனம் திரும்பியது. விசையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். உணர்ச்சியுள்ளவன் நடக்கும்போது தன்னை அறியாமலே பாரத்தை மாற்றி மாற்றி வைக்கிறான். உணர்ச்சியில்லாதவன் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் மிதிக்கிறான். சதை உள்ளுக்குள் நசுங்குகிறது. மிருதுவான மைக்ரோ செல்லுலார் ரப்பர் அடித்தட்டு வைத்தால் அழுத்தம் பரவும். அப்படிப் பரவலானதுதான் 'எம்.சி.ஆர். செருப்பு'. இன்று சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் அதே செருப்பு! நம் சீனியர்களில் எத்தனை பேர் அதைப் போட்டுக்கொண்டு ரீயூனியனுக்கு வருவார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த சீனியர்களின் பாதத்தில் டாக்டர் ஒரு நைலான் இழையை வைத்து அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பார். தொழுநோய்க்காரர் கையிலும் உணர்ச்சியை அளப்பது இதே மாதிரி இழையால்தான். மெல்லிய இழை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு குறிப்பிட்ட விசைக்கு மேல் தராது, வளைந்துவிடும். ஆய்லர் பக்லிங்! வெவ்வேறு தடிமனில் இழைகள் வைத்திருந்தால் தராசு இல்லாமலே உணர்ச்சியை எடை போடலாம். பழவேற்காட்டில் இந்த மாதிரி நைலான் இழைக்கு என்ன பெயர் தெரியுமோ? தூண்டில் நரம்பு. நரம்பை நரம்பால் அளக்கிறார்கள்.

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரிலுள்ள தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவர் செய்த ஒரு முயற்சி இன்றைய மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினீயர்களைச் சேர்த்துக்கொண்டு செயற்கை வலி செய்யப் பார்த்தார்! கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் சென்சார்கள். அளவு மீறினால் காதில் ஒலி எழும். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், பொருட்படுத்தவில்லை. சரி, ஒலிக்குப் பதிலாக ஒளி. அதையும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் உணர்ச்சி மிச்சமிருந்த அக்குளில் ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் உதவவில்லை. இறுகிப்போன ஒரு போல்ட்டைத் திருப்ப வேண்டும் என்றால், நோயாளி சிஸ்டத்தை ஆஃப் செய்துவிட்டு, திருப்பிவிட்டு, மறுபடி ஆன் செய்துகொள்வார். நிஜ வலிக்கு ஸ்விட்ச் கிடையாது. அதுதான் அதன் பலம். சென்சார்களும் சீக்கிரம் பழுதாகிக்கொண்டே இருந்தன. பல வருஷ உழைப்புக்குப் பிறகு திட்டத்தைக் கைவிட்டார்கள். பிராண்ட் இதைத் தன் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதைப் படித்த ராத்திரி, சைக்கிள் டியூப் நண்பனுக்கு போன் செய்து, நாம் தோற்றது பெரிய இடத்தில்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

இத்தனைக்கும் நடுவில் செங்கல்பட்டு மாவட்டத்து ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1968-ல் தொடங்கிய உலகப் புகழ்பெற்ற பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை இந்த மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கக் கிராமங்களில் நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊசிக்குக் கை நீட்டினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. 1991-ல் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் பெரிய சோதனையும் இதே மாவட்டத்தில்தான். உலகத்துப் பாடப் புத்தகங்களில் 'சிங்கிள்புட்' என்று அச்சாகும் ஊர்ப் பெயருக்குப் பின்னால், சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நின்ற லட்சக்கணக்கான கூலிக்காரர்கள், விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பேப்பரிலும் வராது. ஆராய்ச்சியின் முடிவை அவர்கள் வீட்டு வாசலில் போய் யாராவது சொன்னார்களா என்பது என் சந்தேகம்.

1981-ல் உலக சுகாதார நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆயா சொன்ன மாத்திரை அட்டை அதுதான். அவர் தோல் கறுத்ததற்குக் காரணம் அதில் ஒன்றான க்ளோஃபசிமின். ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் நோய் போய்விடும். 2005 டிசம்பரில் இந்தியா பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை எட்டிவிட்டதாக அறிவித்தது. 1898-ம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டத்தை 2016-ல்தான் ரத்து செய்தார்கள் என்பது வேறு கதை. இலக்கை எட்டியதும் சர்க்காரின் கவனம் தளர்ந்தது. புது நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். ஆனால் என் விஷயம் அதுவல்ல. குணமானவர்கள் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். ரிஜிஸ்டரில் அவர்கள் நோயாளி இல்லை. செத்த நரம்பை எந்த மாத்திரையும் எழுப்புவதில்லை; ஆபரேஷன் விரலை நிமிர்த்தும், உணர்ச்சியைத் தராது. பிடி தடித்த உளியும், மரப்பிடி வைத்த தம்ளரும் தச்சருக்கும் சமையலுக்கும் உதவும். அவை பார்த்துச் செய்யும் வேலைகள். கண்ணுக்குத் தெரியாத சேற்றில் தொட்டே பிடிக்கும் பிழைப்புக்கு என்ன கருவி? அதற்கு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இடுப்பளவு தண்ணீரில் ஆயாவோடு இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று, இந்தத் துறையில் இருக்கும் ஒரு தோழியிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "அவங்க எந்தக் கையால முதல்ல தடவினாங்கன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் பழவேற்காடு போனேன். இப்போது ஃபைனல் இயர் பிராஜெக்டில் சென்சார் வைத்த கையுறை செய்யாத குரூப்பே இல்லை என்று கேள்விப்படுகிறேன். அந்தத் தம்பி தங்கைகள் யாரையாவது கூட்டிப் போயிருக்கலாம் என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது. ஆயா இல்லை, காலமாகி நாலைந்து வருஷம் ஆயிற்றாம். மகள் கரையில் இறால் கூறு போட்டுக்கொண்டிருந்தார். ஓலைக் கூடை இல்லை, பிளாஸ்டிக் டப்பா. சைக்கிள் டியூப் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அம்மா கடைசி வரைக்கும் எறங்குச்சுண்ணா. எடது கைதான் முன்னால போவும். அதுல தட்டுனா, சோத்துக் கை மூணு வெரலால அப்டியே அமுக்கும். அந்த ரெண்டு வெரலையும் உள்ள மடக்கி வெச்சிக்கும், நண்டு புடிக்காத மாதிரி. ராத்திரி வெளக்கு வெளிச்சத்துல என்னைக் கூப்ட்டு, காயம் எதுனா கீதா பாருடின்னு கையக் காட்டும். தெனம் காட்டும். யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு தெரியல."

அரைக் கிலோ இறால் வாங்கினேன். முகாமுக்கு வந்தவர் என்பதால் ஒரு கை கூடவே அள்ளிப் போட்டார்.